விட்டுப்போன இரண்டு மாத்திரைகள்

அத்தை,

திங்கட்கிழமை எனக்குக் கரு வைக்கிறார்கள். உறைய வைத்ததில் மீதமிருக்கும் கடைசி ஒன்று. இன்று ஹார்மோன் ஊசி போட்ட நர்ஸ், "அன்னைக்கு சென்ட் அடிக்காம, பூ வைக்காம வாங்கக்கா" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை உங்களையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் இதே போல் கரு வைக்கப் போனபோது நீங்கள்தான் கூட வந்தீர்கள். நிலக்கோட்டை மல்லிகையை நெருக்கிக் கட்டி என் தலையில் வைத்துவிட்டீர்கள். "நல்ல காரியத்துக்குப் போறவ வெறுந்தலையோடயா போவா?" உள்ளே இருந்த நர்ஸ், "இந்த வாசமெல்லாம் கருவுக்கு ஆகாதும்மா" என்றாள். கழற்றிக் கொடுத்த பூவை முந்தானைக்குள் மறைத்தபடி, "அதான் எடுத்தாச்சுல்லத்தா? இனி ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

பத்தாம் நாள் கன்னிவாடியில் உங்கள் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. "நீ வராத தாயி, நான் ஏதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்" என்றீர்கள். வராவிட்டால் பொறாமை என்பார்களே என்று நான்தான் பிடிவாதமாகக் கிளம்பினேன். முதல் நாளே போய்த் தங்கினோம். கரு நிலைப்பதற்கான மாத்திரையை உள்ளே வைத்துக்கொண்டு சற்று நேரம் படுத்திருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த அந்த வீட்டில் தாழ்ப்பாள் போட ஓர் அறை இல்லை. சாயங்காலம் ஒன்று, மறுநாள் காலை ஒன்று. இரண்டு வேளை விட்டுப்போனது. யாரிடமும் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கரு நிற்கவில்லை என்று வந்தது. "நான் வச்ச பூதான் கெடுத்துருச்சு" என்றீர்கள். "சும்மா இரும்மா" என்றார் உங்கள் மகன். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு பூக்காரி வாசலுக்கு வந்தால், "இங்க வேணாத்தா, போ" என்று கதவைச் சாத்தினீர்கள். போன வருடம் நீங்கள் கண்மூடும்வரை அப்படித்தான். எனக்கு அது வசதியாக இருந்தது, அத்தை. எழுதக் கை கூசுகிறது, ஆனால் வசதியாகத்தான் இருந்தது.

போன வாரம் டாக்டரிடம் இரண்டையும் கேட்டேன். "பூவுனால இருக்காதும்மா. மாத்திரைய விட்டிருக்கக் கூடாதுதான். ஆனா அதனாலதான்னும் சொல்ல முடியாது. நல்ல கருவே காரணம் தெரியாம நிக்காமப் போறதுண்டு" என்றார். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால், மாத்திரையெல்லாம் ஒழுங்காக வைத்தாயா என்ற கேள்வியும் வரும். அதற்குப் பயந்தேன்.

நேற்று உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்ல" என்றார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் இருந்தபோதே உங்களிடம் சொல்லாதது மட்டும் என்னிடமே இருக்கிறது.