பனியன் துணி ஒட்டிய படகு

அப்பா, ரெசின் பசையின் வாசம் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோப்பு, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இன்று மதியம் பனியன் கம்பெனி லேபில் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவள் திரும்பியதும் கையை ஒருமுறை முகர்ந்துகொண்டேன். நீங்கள் படகோடு மல்லுக்கட்டிய மாதங்களில் நம் வீடு முழுக்க இந்த வாசம்தான்.

பெருமாநல்லூர் ரோட்டில் பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டுபிடித்தீர்கள். யாரோ ஒரு முதலாளி, தோட்டத்துக் குட்டையில் மீன் பிடிக்க வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஃபைபர் படகு. உட்கார்ந்து தூண்டில் போடுவதற்கென்றே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சுழலும் நாற்காலிகள். குட்டை வற்றியபின் வெயிலில் கிடந்து அங்கங்கே வெடித்திருந்தது. வாரம் முழுக்கக் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் டேபிளில் நின்றுவிட்டு, ஞாயிறானால் குளத்தங்கரையிலும் தூண்டிலோடு நிற்கிறவர் நீங்கள். அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் மயங்கியிருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கம்பெனி வண்டியில் அது வந்து இறங்கியபோது அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நமக்குக் குடிக்கவே தண்ணி நாள் விட்டுத்தான் வருது. இத எங்கீங்க உடுவீங்க, மொட்டமாடி டேங்குலயா?"

"மழ வரட்டும் பாரு. முன்னாடி சேர்ல உன்னையத்தான் உக்கார வெப்பேன்."

"எனக்கு என்ற தையல் மெஷின் ஸ்டூலே போதுஞ் சாமி!"

விரிசல்களை அடைத்து, அடித்தளம் முழுக்கப் புதிதாக ஓர் அடுக்கு ஒட்ட வேண்டும், அதற்குக் கண்ணாடி இழையில் செய்த மேட்தான் போட வேண்டும் என்றார் ரெசின் விற்ற கடைக்காரர். நீங்கள் கொண்டுவந்து விரித்ததோ துணி. கம்பெனியில் கழித்துப் போட்ட குழந்தைகள் நைட் டிரெஸ் துணி; மேலெல்லாம் குட்டி யானைகள். லேபில் நான் தினமும் செய்கிற சோதனையை அதற்குச் செய்து காட்டச் சொன்னீர்கள். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை வேகத்தில் உள்ளே போகிறது என்று பார்ப்பது. விட்டேன். சொட்டு நிற்கவே இல்லை.

"ஒரு செகண்டுகூட ஆகலீங்கப்பா."

"நல்ல துணியல்லோ! தண்ணியவே இப்படிக் குடிக்குதுன்னா ரெசினை எப்படிக் குடிக்கும் பாத்துக்க."

"கடைக்காரர் மேட்டுதான் போடோணும்னு..."

"ஒலகம் பூரா நம்ம துணியப் போட்டுட்டுத்தான் சுத்துது கண்ணு. ஒரு படகு போட்டுக்கிட்டா ஆகாதா?"

சிரித்துவிட்டேன். டேபிளில் வெட்டுவதற்குத் துணியை லேயர் லேயராக விரிக்கிற மாதிரியே விரித்தீர்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினீர்கள். ரெசின் காய்ந்ததும் யானைகள் கண்ணாடிக்குள் நிற்பது போல நின்றன. தொட்டில் மாதிரி இருக்கிறது என்று அம்மா கிண்டல் செய்ததால்தான் மேலே பச்சை பெயிண்ட் அடித்தீர்கள்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. பின் நாற்காலியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுப் போனீர்கள். நடுவில் நிறுத்தி, தூண்டிலை வீசிவிட்டு, எங்களுக்குக் காட்டுவதற்காக நாற்காலியை ஒரு முழுச்சுற்று சுற்றினீர்கள். கொஞ்ச நேரந்தான். நாற்காலி போல்ட்டுகளைச் சுற்றித் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கரைக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் வரை நனைந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"நல்லவேள, நான் ஏறல" என்றாள் அம்மா.

"அடுத்த மழைக்கு நீ தப்ப முடியாது."

அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை. கட்டிங் டேபிளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

அதன்பிறகு அம்மா படகைப் பற்றிப் பேசவே இல்லை. போன மாதம், சோறு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அத இன்னொருக்கா தண்ணியில உட முடியுமா கண்ணு? நான் ஏறோணும்."

அனுப்பர்பாளையத்தில் ஃபைபர் தொட்டி செய்கிற ஓர் அண்ணனை அழைத்துவந்தேன். அவர் ஒரு ரூபாய் நாணயத்தால் படகை அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "உள்ள கெட்டியாச் சத்தம் வரலியே பாப்பா. மேல ஒட்டுனத மொத்தமா உரிச்சாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உரித்தேன் அப்பா. பச்சை பெயிண்ட் போகப் போக யானைகள் வெளியே வந்தன. நீங்கள் நீவிய இடங்களையெல்லாம் நான் இழுத்துப் பிய்த்தேன். படகு மிதக்க வேண்டுமென்றால் உங்கள் கைவேலை போக வேண்டும், அப்படியாவது மிதக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நாற்காலிகளை மறுபடி மாட்ட நீங்கள் போல்ட்டுக்காக ஓட்டை போட்ட இடங்களில் துணியின் வெட்டுமுனை விளக்குத் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி, அடியெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஃபைபருக்குள் வைத்திருந்த மரப்பலகை, டீயில் ஊறிய பன் மாதிரி கையோடு வந்தது.

நேற்று அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"புதுப் பலகை வெச்சாலும் அதப் புடிச்சு நிறுத்த முடியாது, ஓரமெல்லாம் இத்துப் போச்சு பாப்பா. இனி இது மெதக்காது." உரித்துப் போட்ட துணியை எடுத்துத் திருப்பினார். "ஆரு ஒட்டுனது?"

"எங்கப்பாங்க."

"வேல சுத்தமா இருக்குது" என்றார்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஆவுமா?" என்றாள். ஆகாது என்று தலையசைத்தேன். அவள் உரித்த துணியில் ஒரு துண்டை எடுத்து, கம்பெனியில் துணி பார்ப்பது போல இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். ரெசினில் இறுகிப்போன அது வளையவில்லை. "இரும்புக் கடைக்காரன வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்று காலை லேபில் சோதனைக்குப் புது லாட் துணி வந்திருந்தது. துணியை வளையத்தில் மாட்டிச் சொட்டு விட்டேன். உடனே மறைந்தது. வியர்வையைக் குடிப்பதற்கென்று செய்த துணி, படகிலும் அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது. பாஸ் என்று எழுதினேன். அடுத்ததும் பாஸ். ஒவ்வொரு சொட்டு மறையும்போதும் "நல்ல துணியல்லோ!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நானோ, இந்த ஒரு சொட்டாவது அப்படியே மேலே நின்றுவிடாதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.