பின்சீட்டுக்கு அடியில்

மார்ச் 3, திங்கள்

கார் இன்றும் கிளம்பவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து சின்னதாய் ஓர் உறுமல் வர வேண்டும். வரவில்லை. கண் ஆபரேஷன் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்த இவர், "பெட்ரோல் தள்ளுற ஃப்யூல் பம்ப் போயிடுச்சு" என்றார்.

கொழுந்தன் போன் செய்தான். "அண்ணனால இனிமே ஓட்ட முடியாது அண்ணி. ஞாயித்துக்கிழமை வாங்குற ஆளோட வரேன், வித்துத் தள்ளிடலாம்."

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஆறு வருஷமாய் பீரோவில் தூங்குகிறது. இவர் சாவியைக் கொடுத்தால்தானே! வண்டியும் போனால் இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

மார்ச் 4

புது பம்ப் வாங்கிவந்தேன். "ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார்.

"கண்ணு எங்கிட்ட இருக்கு, வேலை உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, செய்றேன்."

மார்ச் 5

பேட்டரி வயரைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, பழைய பம்பை எடுத்துவிட்டேன். பெட்ரோல் நெடியில் தலை சுற்றியது. இரண்டு குழாய்கள். "எஞ்சினுக்குப் போறது எடப்பக்கம், திரும்பி வர்றது வலப்பக்கம்" என்றார். அப்படியே மாட்டினேன். பம்ப் உறுமியது! வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"ஒழுங்கா மாட்டியிருக்க மாட்ட."

வந்ததே கோபம். நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்! ஸ்பேனரைப் போட்டுவிட்டு உள்ளே வந்து அழுதேன். எதுக்கு அழுதேன் — ஒரு காருக்கா?

மார்ச் 6

சாப்பாடு இறங்கவில்லை. எங்கே தப்பு?

மார்ச் 7

பல் துலக்கும்போது பொறி தட்டியது. நான் முன்சீட்டுகளுக்கு நடுவே, பின்பக்கம் பார்த்தபடி குனிந்தல்லவா மாட்டினேன்? ஓடிப்போய்க் கேட்டேன்: "எடப்பக்கம்னு எங்கேர்ந்து பாத்து சொன்னீங்க?"

"டிரைவர் சீட்லேர்ந்துதான். வேற எங்கேர்ந்து சொல்வாங்க?"

கல்யாணமான நாளாய் எல்லாவற்றையும் அங்கிருந்துதான் சொல்கிறார்!

அவருக்கு இடம், எனக்கு வலம். குழாய்களை மாற்றி மாட்டினேன். கசிவில்லை. இரண்டாவது முறை கிளம்பிவிட்டது. இவர் காது வண்டிப் பக்கமே இருந்தது.

மார்ச் 8, சனி

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். கட்டைப் பிரித்தார்கள். நிழலாகத்தான் தெரிகிறதாம். இனி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் இவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கொழுந்தன் போன் வந்தது. இவர் எடுத்தார். "வண்டி விக்கிறதுக்கில்லடா. எதுனாலும் ஓட்டுறவகிட்ட கேட்டுக்கோ."

திருப்பங்களை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார் போல. "அடுத்தது எடப்பக்கம்" என்றார். கொஞ்சம் கழித்து, "உன்னோட எடப்பக்கம்."

முன்னால் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான். சரியென்று திருப்பினேன்.