வெறும் தோள்

ஜனவரி 9
ஏழாம் வகுப்பில் ஃபராஸ் ஒருமுறை கேட்டான்: "டீச்சர், எல்லாரும் ஒரே விடை எழுதினா அது சரின்னு அர்த்தமா?" காப்பியடித்தாலும் ஒரே விடைதான் வரும் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தேன். இன்று அவன் ஞாபகம். காரணம், என் வீட்டுக்காரர். வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவர், சர்க்கரை வேறு, இந்த வயதில் தனபாலன் என்பவர் நடத்தும் உழவர் இயக்கத்தில் சேர்ந்திருக்கிறார். நெல் விலைக் கோரிக்கையை எழுதித் தருவது இவர்தானாம். அதை ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்வார்களாம்.

ஜனவரி 24
தனபாலன் மந்தைவெளிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம்: தீர்மானம் வாசித்ததும், ஒப்புக்கொள்ளாதவர் தோளிலுள்ள பச்சைத் துண்டை எடுத்துவிட வேண்டும். மேடையேறிப் பேசத் தெரியாதவரும் மறுக்கலாம். "போன கூட்டத்துல பாதிப் பேரு எடுத்துட்டாங்கம்மா. தீர்மானத்தையே கிழிச்சுப் போட்டேன்" என்று சிரித்தார். பிடித்திருந்தது. இருந்தாலும் இவர் போவதில் எனக்கு மனமில்லை.

பிப்ரவரி 18
தேனாம்பேட்டையில் மறியல். சாலை முழுக்கப் பச்சை. ஆட்டோ முருகன், "இன்னா மாமி, மாமா டிவில பேசிக்கினு கீறாரு! அடுத்த மந்திரி அவருதான்" என்கிறான். எனக்குத் தெரிந்தது அவருடைய வீங்கிய கால் மட்டும்.

மார்ச் 3
கூட்டம் பெருகப் பெருகத் துண்டை எடுப்பவர்கள் குறைகிறார்கள். வகுப்பில் புரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றால், எந்தப் பிள்ளையும் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் தூக்கும். அதுபோல.
நேற்று தனபாலன், "நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடுறவன் யாரு?" என்று கேட்டு ஓர் அரிசி வியாபாரியின் பெயரைச் சொன்னாராம். கூட்டம் கத்தியதைச் சொல்லும்போது இவர் குரல் இறங்கியது. போகாதேங்கோ என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. ஏன்?

மார்ச் 11
அந்த வியாபாரியின் கிடங்கை முற்றுகையிட இன்றைய கூட்டத்தில் தீர்மானம். இவர் குளிக்கப் போனபோது துண்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன். துண்டில்லாமல் எப்படிப் போவார்?
"காமாக்ஷி, கொடியில போட்டிருந்தேனே, பாத்தியா?"
"நான் பாக்கலையே."
வெறும் சட்டையோடு கிளம்பிவிட்டார்.
போன பிறகுதான் உறைத்தது. அங்கே வெறும் தோளுக்கு என்ன அர்த்தம்! ஐயோ. ஃபோனையும் எடுக்கமாட்டேங்கறார். பெருமாளே, என்ன பண்ணிட்டேன் நான் —

மார்ச் 12
நேற்று சாயங்காலம் வந்துவிட்டார். சட்டைப் பை கிழிந்திருந்தது. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அத்தனை பச்சைக்கு நடுவே இவர் தோள் மட்டும் வெள்ளை. "ஐயாவே எடுத்துட்டீங்களா?" என்று மேடையிலிருந்து தனபாலன் கேட்டாராம். பின்னாலிருந்து யாரோ "துரோகி" என்று கத்தி, பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.
"மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமேன்னா!"
"சொல்லத்தான் எழுந்தேன். நின்னப்புறம், துண்டு இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன்னு தோணித்து. பேசாம நின்னுட்டேன்."

மார்ச் 13
தீர்மானித்தபடி கிடங்கை முற்றுகையிட்டபோது கல்லெறி. மூட்டை தூக்கும் ஒருவருக்கு மண்டை உடைந்தது. அவரே மன்னார்குடிப் பக்கத்து விவசாயியாம், விளைச்சல் இல்லாமல் பட்டணம் வந்தவர்.
"உன் புருசன் வெளிய வரட்டும், பாத்துக்கறோம்" என்று ஒருவன் ஃபோனில் சொன்னான். பட்டப்பகலிலேயே கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 20
கல்லடிக்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக இயக்கத்தை விட்டு விலகிவிட்டார்கள். தனபாலன் ஒரு பெரிய கட்சியில் சேர்ந்து ஓர் அரசு வாரியத்துக்குத் தலைவராகிவிட்டார். நெல் விலை அப்படியே.

ஜூலை 6
திருவாரூரிலிருந்து சண்முகவடிவு என்ற பெண் வந்தாள். குத்தகை நிலத்தில் நெல் போடுபவள்.
"அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் துணிஞ்சு துண்டை எடுத்தீங்கய்யா. மிச்சம் இருக்கறவங்க இன்னைக்குச் சிந்தாதிரிப்பேட்டையில கூடுறோம். நீங்க வரணும்."
"அவர் எடுக்கலைம்மா. நான்தான் ஒளிச்சு வெச்சேன்." வாயிலிருந்து வந்தேவிட்டது.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.
"ஏன் எங்கிட்ட சொல்லலை?"
"பயமா இருந்தது. இப்பவும் பயமா இருக்கு. போகாதேங்கோ."
"எனக்கும்தான் பயம். நீ தைரியமா இருக்கேன்னு நெனச்சுண்டு, வெளில சொல்லாம இருந்தேன்." செருப்பை மாட்டப் போனவர் நின்றார். "நீயும் வரயா?"
மூவரும் ஒரே ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் விடவில்லை.
இதை என்றாவது யாராவது படித்தால்: ஒருவரைத் தடுக்க நினைக்கும்போது, வேறெதுவும் செய்வதற்கு முன், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.