செக் பிள்ளைகளின் பிரெஞ்சு வகுப்பு

கல்கத்தா, அக்டோபர் 1938

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம்தான் எழுதினேன். மறுபடியும் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தம்பி, நம் ஊரை ஆளும் பிரெஞ்சுக்காரரின் பட்டாளத்தில் சேர உங்கள் சம்மதத்துக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தான்.

நான் நலம். இங்கே செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் செக் நாட்டவரின் பிள்ளைகளுக்கு நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? அவர்கள் நாட்டை ஜெர்மனி தாக்கினால் துணைக்கு வருவதாகப் பிரான்ஸ் ஒப்பந்தம் செய்திருந்தது. போன மாதக் கடைசியில் அதே பிரான்ஸ், செக் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்கே கொடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டது. செய்தி வந்த மறுநாள் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒரு பிள்ளையின் தாய், ஞாயிறுதோறும் எனக்கு ரொட்டி தரும் மார்த்தா அம்மாள், தேடிப்போன என்னை வாசலிலேயே நிறுத்தி, "உன்மேல் கோபமில்லை. அந்த மொழி இனி என் வீட்டில் வேண்டாம்" என்றாள்.

நம் ஊர்ப் பக்கம் மடுகரையிலிருந்து இங்கே வந்த சமையற்காரர் முத்துசாமி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, நம்ம தொரைங்க பேச்சு இம்மாந்தானா? மாட்டுத் தரகன்கூட துண்டுக்குள்ள கைய வுட்டு வெல பேசிட்டா பேச்சு மாறமாட்டான்!"

நானும் சிரித்தேன். வகுப்பு இல்லாததால் நல்ல ஓய்வு. முடிந்தால் கொஞ்சம் வடகம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது எதுவும் இறங்குவதில்லை. தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
அமுதம்

உங்களுக்கு இதைப் படித்துக் காட்டுவது தம்பிதான் என்பதால் தயங்கினேன். சிவப்பிரகாசம், இதையும் விடாமல் சத்தமாகப் படி: அப்பா, இவன் பட்டாளத்தில் சேர நீங்கள் சம்மதிக்க வேண்டாம்.