வேப்பம்பூ போடாத பச்சடி

அடி அண்ணாமலை,
சித்திரை ஒண்ணு

ஏங்க,

போன்ல "பாப்பா எப்படி இருக்கா"ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள வேற பேச்சுக்குப் போயிடறீங்க. நானும் அப்படியே விட்டுடறேன். அதான் எழுதறேன்.

இன்னிக்கு வருஷப் பிறப்புக்கு மாங்கா பச்சடி செஞ்சேன். வேப்பம்பூ மட்டும் போடல. நம்ம அறிவுமதி இத்தனை நாளா முழுங்கின மருந்துக் கசப்பே போதும்னு, வெல்லத்தை ஜாஸ்தியா போட்டேன்.

ஒரு வாய் வெச்சதும் மூஞ்சைச் சுளிச்சா. "இது பச்சடியே இல்லம்மா, பூவை மறந்துட்டியா?"ன்னு அதட்டினா. நான் சமாளிக்கறதுக்குள்ள என் பழைய புடவையை இழுத்துக்கிட்டு வேப்பமரத்துக்கு ஓடினா.

ஆமாங்க, ஓடினா. நீங்க ஓசூருக்கு வேலைக்குத் திரும்பின அன்னிக்கு, அவளைத் தூக்கிட்டு வந்துதான் வாசல்ல உக்கார வெச்சீங்க.

மரத்தடியில புடவையை விரிச்சா. சின்னவன் கிளையை உலுக்கினான். தலையெல்லாம் பூ. பச்சைப் பூவை வாயில போட்டு ரெண்டும் மாத்தி மாத்தி துப்பிச்சுங்க. வெயில்ல செருப்பில்லாம நிக்கறாளேன்னு திட்டப் போனவ, நானும் குனிஞ்சு பூ பொறுக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஒரு பிடி பூவை உங்களுக்குன்னு தனியா காய வெச்சிருக்கா. "அப்பாவுக்கும் கசக்கணும்"கிறா.

இந்தக் கடுதாசி கெடைச்ச அன்னிக்கு சாயந்தரம் நீங்க கூப்பிடறப்போ, பதில் வர்ற வரைக்கும் லைன்ல இருங்க. அவளே பேசுவா.

பூ பொறுக்கி இடுப்பு புடிச்சுக்கிட்ட
உங்க வீட்டுக்காரி