அரம் படாத சிலிண்டர்

மருதமுனை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் மிஹ்லாருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் றஹ்மத்தால் நீ கத்தாரில் உடல் சுகத்தோடு இருப்பாய், அதற்காக நானும் உம்மாவும் ஐந்து நேரமும் கையேந்துகிறோம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழமை, இந்த முறை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். கதைக்கத் தொடங்கினால் அழுதுவிடுவேன் மகன், நான் அழுது நீ பார்த்ததில்லை, இந்த வயதில் பார்க்கவும் வேண்டாம். அதனால்தான் லீவு முடிந்து கத்தார் திரும்புகிற நம் தெரு ஆள் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு உன் மச்சான் ஜவ்பரின் இஞ்சின் பூட்டின மீன் சைக்கிளுக்கென்று பெரிய காபரேட்டரும் புதுச் சைலன்ஸரும் அனுப்பினாயே, அதைப் பற்றித்தான் கதை. கடற்கரையில் மீன் எடுத்துக்கொண்டு இவர் நாவிதன்வெளிக்குப் போய்ச் சேருமுன் மோட்டார் சைக்கிள்காரர்கள் வாசல் வாசலாக விற்று முடித்துவிடுகிறார்கள் என்று நிப்லா உன்னிடம் முறையிட்டாள், நீயும் தங்கச்சிக்காக உருகினாய். இஞ்சினுக்குப் பவர் கூட்டுவது எப்படியென்று வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டினாய். நாற்பது வருடம் வயல்காரர்களின் தண்ணீர்ப் பம்பு திருத்தியவன் நான், அந்த வேலை எனக்கே புதிது. என்ட மகன் எனக்குப் படிப்பிச்சித் தாறான் பாருகா என்று உன் உம்மாவிடம் பெருமையடித்தேன். சிலிண்டரில் புகை போகிற துவாரத்தின் மேல்விளிம்பை வட்ட அரத்தால் இரண்டு நாள் இருந்து அராவினேன். சிலிண்டரை மூடுகிற ஹெட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மெலியவைத்தேன். அது கல்முனை றோட்டில் பறந்ததை நீயும் பார்த்தாய், ஐம்பதத் தாண்டிட்டு வாப்பா என்று போனில் கத்தினாய். பிறகு நீ வீடியோ கேட்டபோதெல்லாம் சைக்கிளில் சின்னப் பழுது என்று உம்மா சொன்னாளே, அது பொய். சொல்லவைத்தவன் நான்.

நடந்தது இதுதான். ஒரு காலை ஜவ்பர் நிறைய மீனோடு அடுத்த ஊர் பாண்டிருப்பு வழியாகப் போகிறார். பாக்கியராசாவை உனக்குத் தெரியும், போகம் தவறாமல் பம்பு கொண்டுவருகிற வயல்காரர். அவர் ஒழுங்கையிலிருந்து பசளை மூட்டை வைத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு றோட்டுக்கு ஏறினார். ஜவ்பர் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறார், சைக்கிள் நிற்கவில்லை. பின்னால் கட்டின மீன் ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்து வடிந்து பின் றிம் முழுக்க ஈரம், மீன் நெய் வேறு. பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தண்ணீர் நேற்று இன்று வடிவதா மகன்? மிதித்துப் போன காலமெல்லாம் வடிந்ததுதான், மிதிக்கிற வேகத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. நீ அங்கேயும் நான் இங்கேயும் அந்த இஞ்சினை இத்தனை நாள் பார்த்தோமே, இரண்டு பேரில் ஒருவர் அந்த றிம்மைத் தொட்டுப் பார்த்தோமா? ஜவ்பருக்குக் கையில் உரசல்தான். பாக்கியராசாவுக்கு வலது முழங்கால் சிதறிவிட்டது. இரண்டு ஊர் ஆட்களும் கூடி வாய் தடித்தபோது, எனக்குத்தானே கால் போயிரிக்கு, நீங்க என்னத்துக்குச் சண்ட பிடிக்கிறீங்க என்று அவர்தான் கிடந்த இடத்திலிருந்து சத்தம் போட்டாராம்.

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எல்லோரும் ஜவ்பரை ஏசினார்கள், நிப்லா வெளியில் தலைகாட்டவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலடிக்குப் போய், ஜவ்பரில் பிழையில்லை, இஞ்சினை அராவினது நான்தான் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை மகன், அரம் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் இதில் பாதி உனக்கும் உண்டு. அதை மறைத்தால் நாளைக்கு இன்னொருவனுக்கு அங்கேயிருந்து வீடியோ அனுப்புவாய்.

போன செவ்வாய்க்கிழமை வாசலில் ஓட்டோ வந்து நின்றது, ஊன்றுகோலோடு பாக்கியராசா இறங்கினார். ஏசத்தான் வருகிறார், ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இருந்தார், உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், ஜவ்பரின் சைக்கிளிலிருந்து நான் கழற்றிப் போட்ட அந்த இஞ்சின் எங்கே என்று கேட்டார். வழமைபோல என்னை மூத்தவராக்கி, காக்கா, இந்தக் கால் இனி மடங்காதாம், மிதிக்க ஏலா, வயலுக்குப் போகாம இரிக்கவும் ஏலா, அத என்ட சைக்கிள்ல பூட்டித் தாங்க, கிளப்புறதுக்கு வீட்டில தள்ளி விடுவாங்க, நடந்து வாற ஆளோட கதைச்சிக்கிட்டுப் போற வேகம் இரிந்தாக் காணும் என்றார். உம்மா குசினிக்குள் போய் அழுதாள்.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டேன். நீ அனுப்பின சைலன்ஸரையும் காபரேட்டரையும் கழற்றிப் பழையதைப் பூட்டினேன், தேய்த்த அளவுக்கு ஈடாக ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கட் வைத்தேன், முன் சில்லுக்கு டிரம் பிரேக் போட்டேன், அவர் கால் வைக்க ஒரு தகடும் ஒட்டினேன். எல்லாம் சரிவந்தது, அராவின துவாரம் மட்டும் சரிவரவில்லை. தேய்த்தெடுத்த இரும்பை எங்கே போய்ப் பொறுக்குவது? அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாலே அது பாய்கிறது. அதில் அவரை ஏற்றமாட்டேன். அதே அளவுச் சிலிண்டர் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை, நீதான் ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும். விதைப்புக்கு முன் வந்து சேர வேண்டும். அதோடு உன் கைப்பட அவருக்கு நாலு வரி எழுது, என்ன எழுதுவதென்று நான் சொல்லித்தர மாட்டேன்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் குடி, சுபஹ் தொழுகையைத் தவறவிடாதே. உம்மா ஸலாம் சொல்கிறாள், நிப்லாவும் ஜவ்பரும் சொல்கிறார்கள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் பிறருக்கு நோவு தராத கையையும் தருவானாக. வட்ட அரத்தை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன், எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை. நீயும் கடையில் வாங்கின பெட்டியைத் திறக்காமல் அப்படியே அனுப்பிவிடு மகன். திறந்தால் உனக்குக் கை சும்மா இருக்காது, எனக்கும் இருக்காது.

துஆவுடன்,
உன் வாப்பா
அப்துல் ஹமீட்