பதினேழாம் வீட்டில் வெந்நீர் நின்ற இரண்டு நாட்கள் குறித்து

அனுப்புநர்
இன்ஜின் ஆபரேட்டர்,
அடித்தளம், பி பிளாக்,
வாரியக் குடியிருப்பு.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
வெப்பம் மற்றும் மின் வழங்கல் பிரிவு,
குடியிருப்பு வாரியம்.

பொருள்: வெந்நீர் எடுக்காத வீட்டின் கதவைத் தட்ட ஆபரேட்டருக்கு அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: எனக்கு வழங்கப்பட்ட இரண்டு மெமோக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பி பிளாக் அடித்தளத்திலுள்ள ஸ்டர்லிங் இன்ஜின் ஜெனரேட்டரைப் பதினோரு ஆண்டுகளாக நான் இயக்கி வருகிறேன். மரத்தூள் கட்டிகளை எரித்து வெளியிலிருந்து சூடேற்ற, உள்ளே அடைபட்ட வாயு விரிந்தும் சுருங்கியும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதில் கிடைக்கும் மின்சாரம் விளக்குகளுக்கும், மிஞ்சும் வெப்பம் இருபத்து நான்கு வீடுகளின் வெந்நீருக்கும் போகிறது. எந்த வீடு எப்போது வெந்நீர் எடுக்கிறது என்பது என் மீட்டர் பலகையில் தெரியும். முகம் பார்த்துப் பேசியிராதவர்களின் குளியல் நேரம்கூட எனக்கு மனப்பாடம்.

2. பதினேழாம் வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தனியாக இருந்தார். காலை ஐந்து நாற்பதுக்குக் குழாயைத் திறப்பார். அடித்தளம் வரை இறங்கி வந்து என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான். சத்தமில்லாமல் ஓடும் இயந்திரத்தைப் பார்த்து, "இதுவும் உங்கள மாதிரியேதான் சார். இருக்கா இல்லையான்னே தெரியல" என்பார். அவரும் என்னைப் போலத் தனியாக இருப்பவர் என்பதால் நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

3. சென்ற ஆண்டு ஐந்தாம் வீட்டில் ஒரு நாள் முழுவதும் வெந்நீர் எடுக்கப்படாததால் போய்க் கதவைத் தட்டினேன். அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அன்று குளிக்கவில்லை, அவ்வளவே. புகார் செய்தார்கள். "ஆபரேட்டரின் பணி இயந்திரத்தோடு மட்டுமே, குடியிருப்போரோடு அல்ல" என்று எனக்கு மெமோ வந்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன்.

4. கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை பதினேழாம் வீட்டின் மீட்டர் அசையவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மாலையில் அவர் வீடு இருக்கும் மூன்றாம் மாடிப் படி வரை ஏறினேன். பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, மெமோவை நினைத்துத் திரும்பினேன். செவ்வாயன்றும் மீட்டர் அசையவில்லை. மாலைக்கு மேல் நெஞ்சு கேட்கவில்லை. தட்டினேன், பதில் இல்லாததால் பூட்டை உடைத்தேன். இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்தார். குழாய் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வருவீங்கன்னு தெரியும். நேத்தே வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

5. நான்காம் நாள் மருத்துவமனையில் காலமானார். ஒரு நாள் முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மறுபடி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

6. ஐம்பது நிமிடம் இயந்திரத்தை விட்டு அகன்றதற்கும் பூட்டை உடைத்ததற்கும் இரண்டாவது மெமோ வந்துள்ளது. இரண்டும் உண்மை. அதை ரத்து செய்யுமாறு நான் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதம் வெந்நீரை மிகவும் சிக்கனமாகப் பயன்படுத்திய வீடு பதினேழு என்று தங்கள் அலுவலகம் அறிவிப்புப் பலகையில் பாராட்டுத் தாள் ஒட்டியது. அதைக் கிழித்தது நான்தான். யாரும் பார்க்கவில்லை என்றாலும், மூன்றாவது மெமோவுக்கு வசதியாக இங்கேயே தெரிவித்துவிடுகிறேன்.

7. ஆகவே, ஒரு நாள் முழுவதும் வெந்நீர் எடுக்கப்படாத வீட்டின் கதவைத் தட்ட ஆபரேட்டருக்கு எழுத்து மூலம் அனுமதி அளிக்க வேண்டுகிறேன். பத்து வீட்டில் ஒன்பது வீட்டார் திட்டினாலும் கேட்டுக்கொள்ளச் சம்மதம்.

8. இன்னொரு சிறு வேண்டுகோள். இன்ஜினை ஒட்டிய அறையில்தான் நான் வசிக்கிறேன். அந்த அறைக்கு மீட்டர் கிடையாது. எந்தப் பலகையிலும் நான் தெரிவதில்லை. அங்கே ஒரு மீட்டர் பொருத்தி, அதன் அளவு தங்கள் அலுவலகத்தில் தெரியும்படி செய்து தர வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு நான் வெந்நீர் எடுப்பேன். எடுக்காத நாளில், அன்றைக்கே, யாரையாவது அனுப்பிவையுங்கள்.

இடம்: பி பிளாக் அடித்தளம்
நாள்: பிப்ரவரி 9

தங்கள் கீழ்ப் பணிபுரியும்,
(கையொப்பம்)
இன்ஜின் ஆபரேட்டர்